பிளாஸ்டிக்கை எரித்தால் கார்பன் வராது, வீசிங்தான் வரும்



"பிளாஸ்டிக்ல இருந்து கார்பன் எடுக்கிறாங்களாமே டாக்டர்? நாங்க கொல்லையில எரிக்கிறதும் அதானே?"

ஓபியில் ஒரு அண்ணாச்சி கேட்டார். மடியில் வீசிங்கோடு அவர் பேத்தி. நெபுலைசரை வைத்துக்கொண்டே அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1/ செய்தி உண்மைதான். 2022ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில், பிளாஸ்டிக் கழிவுத் தூளோடு பொட்டாசியம் அசிடேட் சேர்த்து 600 டிகிரியில் 45 நிமிடம் சூடாக்கி, நுண்துளைக் கார்பன் எடுத்தார்கள். தன் எடையில் 18% வரை கரியமில வாயுவைப் பிடித்து வைக்கும்.

2/ துளைக்கு அப்படி என்ன மவுசு? சில விஷங்களைக் குடித்து வருபவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் ஆக்டிவேட்டட் சார்கோலும் நுண்துளைக் கரிதான். ஒரே ஒரு கிராமில் உள்ள துளைகளின் பரப்பு சுமார் ஆயிரம் சதுர மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் 25 சென்ட்! விஷம் அதில் ஒட்டிக்கொள்ளும்.
(மருந்துக் கரி, சிரட்டை, மரம் போன்றவற்றில் செய்வது. பிளாஸ்டிக் கரியை யாரும் வாயில் போட வேண்டாம்.)

3/ அப்போ கொல்லையில் எரிச்சா?
கரிமூட்டம் போடுறவங்களைக் கேளுங்க. ஏன் மண் பூசி மூடுறாங்க? காற்று புகுந்தால் கரி மிஞ்சாது, சாம்பல்தான். பிளாஸ்டிக்கும் அப்படியே. ஆய்வகத்தில் அது மூடிய உலை. நீங்கள் வைப்பது திறந்த தீ.

4/ திறந்த தீயில் வருவது புகை, நுண்துகள். பிவிசி கலந்திருந்தால் டையாக்ஸின். அதில் கொடியதான டிசிடிடியை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997லேயே புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டது. சாரல் காத்து அந்தப் புகையை அடுத்த வீட்டுத் தொட்டில் வரை கொண்டுபோகும்.

5/ "அதான் விஞ்ஞானம் வந்துருச்சே, அவங்க பாத்துக்குவாங்க" என்பதுதான் எனக்குக் கோபம். எந்த விஞ்ஞானமும் மீன் குழம்பு ஒட்டின கவரை அப்படியே வாங்காது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக்கில் ரோடு போட்டுக் காட்டினார், 2018ல் பத்மஸ்ரீ வாங்கினார். அந்த ரோட்டுக்கும் சுத்தம் செய்து துண்டாக்கிய பிளாஸ்டிக் வேண்டும். பிவிசி கூடவே கூடாது.

6/ தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களுக்குத் தடை. இன்னைக்கும் சாம்பார் பார்சல் எதில் வருது?

7/ மக்களை மட்டும் திட்டி என்ன பயன்? நாம் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால், அதைத் தட்டிக் கேளுங்கள். ஆனால் கேட்க வேண்டியது தூய்மைப் பணியாளர் அக்காவை அல்ல, அதிகாரியை.

8/ இன்று முதல்:
மட்கும் குப்பை தனி. பிளாஸ்டிக்கை அலசி, காயவைத்து, தனியாகக் கொடுங்கள்.
கடைக்குப் பையும் தூக்குவாளியும் எடுத்துப் போங்கள்.
தீப்பெட்டியைத் தொடாதீர்கள்.

குப்பையிலிருந்து கார்பன் எடுக்கும் ஆலை நம்ம பக்கம் வரும்போது வரட்டும். அதுவரை அந்தப் பேத்தியின் நுரையீரல்தான் உங்கள் புகைக்கு வடிகட்டி. அதற்கு மாற்று உறுப்பு என் ஆஸ்பத்திரியில் இல்லை.


அரசு மருத்துவர், அச்சன்புதூர்