நாற்பது வயதில் ஒரு சீருடை

ஞாயிற்றுக்கிழமை மாலை. லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து வெளியேறும் கூட்டம் பஃப்ளோ சாலையை நிறைக்கிறது. காய்கறிக் கடைகளுக்கு இடையே கருநீலச் சீருடை அணிந்த இரண்டு காவல் அதிகாரிகள் நடந்து செல்கின்றனர். ஒருவருக்கு இருபது வயதுக்குமேல் இருக்கலாம். மற்றவரின் காதோரம் நரைத்திருக்கிறது. அவர் மறுநாள் காலை ஏதாவது ஓர் அலுவலகத்தில் கணக்கேடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கக்கூடும். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டும் இருக்கக்கூடும். சீருடையை மட்டும் பார்ப்பவருக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அவர் தொண்டூழியச் சிறப்புக் காவற்படையைச் சேர்ந்தவர். போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், அந்தப் படை அமைக்கப்பட்டது. வேலை முடிந்த மாலை நேரங்களில் பயிற்சி பெற்று அதில் சேருவோர், மாதத்திற்குக் குறைந்தது 16 மணி நேரம் பணியாற்றுகின்றனர். முழுநேர அதிகாரிக்கு உள்ள அதிகாரம் அவர்களுக்கும் உண்டு. ஒருவரைக் கைது செய்யவும் அவர்களால் முடியும். பலர் இவர்களைத் துணைக் காவல் அதிகாரிகளோடு குழப்பிக்கொள்கின்றனர். துணைக் காவல் அதிகாரிகள் நிறுவனங்களில் சம்பளத்திற்கு வேலை பார்ப்பவர்கள். இவர்களோ சிறிய படித்தொகை மட்டுமே பெறும் தொண்டூழியர்கள்.

நாற்பதைத் தாண்டிய ஒருவர் இதில் சேரப்போவதாகச் சொன்னால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, “இந்த வயதில் இது தேவையா?” என்பதுதான். அந்தக் கேள்வியில் தவறில்லை. மாதம் 16 மணி நேரம் என்பது முழுதாக இரண்டு வேலை நாள். அந்த நேரம் பிள்ளைகளுக்கோ வயதான பெற்றோருக்கோ உரியது. முழங்காலும் முன்போல் ஒத்துழைப்பதில்லை. ஆபத்தும் வெறும் பேச்சன்று. 1955ஆம் ஆண்டு மே மாதம் நடந்த ஹொக் லீ பேருந்துக் கலவரத்தில் நால்வர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் தொண்டூழியக் காவலர்.

இவ்வளவு இருந்தும், நடுவயதினர் இந்தப் பணிக்கு ஏற்றவர்களே. அதற்குக் காரணம் உடல் வலிமையன்று. லிட்டில் இந்தியாவில் நடக்கும் ஒரு சாதாரண நிகழ்வைக் கற்பனை செய்து பார்க்கலாம். 2015ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, அவ்வட்டாரத்தில் சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்தக்கூடாது. அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞர், அது தெரியாமல் புல்வெளியில் ஒரு பீர் கேனைத் திறக்கிறார். அதிகாரி ஆங்கிலத்தில் சட்டத்தைச் சொன்னால் அவர் மிரண்டு போகலாம், அல்லது முறைத்துக்கொண்டு நிற்கலாம். “தம்பி, இங்கே குடிக்கக்கூடாது. மூடி வைத்துவிடுங்கள்” என்று நரைத்த தலைக்காரர் ஒருவர் தமிழில் சொன்னால், விவகாரம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளையிடமும், வேலையிடத்தில் கோபக்கார வாடிக்கையாளரிடமும் பேசிப் பேசிப் பழகிய குரல் அது. அந்தப் பழக்கம் ஆண்டுக்கணக்கில் வருவது; பயிற்சிக் கழகம் சில மாதங்களில் கொடுத்துவிட முடியாது.

2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவை இங்கு நினைக்காமல் இருக்க முடியாது. ரேஸ் கோர்ஸ் சாலை, ஹேம்ப்ஷியர் சாலைச் சந்திப்பில் பேருந்து மோதி ஓர் இந்திய ஊழியர் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, விபத்தையும் மீட்புப் பணியையும் கூட்டத்தினர் தவறாகப் புரிந்துகொண்டதைக் காரணங்களுள் ஒன்றாகக் கூறியது. யாராவது தமிழில் விளக்கியிருந்தால் கலவரமே நடந்திருக்காது என்று சொல்வது மிகை. மது, இருள், கூட்டத்தின் வேகம் எனப் பலவும் அதில் இருந்தன. ஆனாலும், என்ன நடக்கிறது என்பதைத் தம் மொழியில் கேட்கும் கூட்டமும் அதைக் கேட்காத கூட்டமும் ஒன்றல்ல.

தொண்டூழியர்களைக் காட்டி முழுநேர அதிகாரிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளவும் முடியாது. கூடுதலாக 1,000 அதிகாரிகள் தேவை என்று காவல்துறை ஆணையரே அந்த விசாரணையின்போது கூறினார். மாதம் 16 மணி நேரம் வருபவர்களால் அப்படிப்பட்ட பற்றாக்குறையை ஈடுகட்ட இயலாது. நரை வந்தவுடன் நிதானமும் வந்துவிடும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. அலுவலகத்தில் கிடைக்காத மரியாதையைச் சீருடையில் தேட நினைப்பவரும் வரக்கூடும். கைது செய்யும் அதிகாரம் உள்ளவருக்கு, வயதைக் காரணம் காட்டிப் பயிற்சியிலோ தேர்விலோ சலுகை தரக்கூடாது. ஓட முடியாதவர் உதவ வேறு வழிகள் எத்தனையோ உள்ளன.

தகுதி இருந்தும் தயங்குவோரைத் தடுப்பது பெரும்பாலும் நேரம்தான். ஞாயிறு இரவுப் பணி நள்ளிரவைத் தாண்டலாம். திங்கள் காலை ஒன்பது மணிக்கு மேசை காத்திருக்கும். முதலாளி அன்று ஒரு நாள் பத்தரை மணிக்கு வரச் சொன்னால் நிறுவனம் ஒன்றும் நொடித்துவிடாது. தேசிய சேவைக்காக ஊழியர்களை வாரக்கணக்கில் அனுப்பிப் பழகிய நாட்டில் இந்த ஒன்றரை மணி நேரம் பெரிய கோரிக்கையன்று.