மெதுவானதெல்லாம் துக்கமன்று

கடந்த மாதம் இரத்தினபுரி மாவட்டத்தில் ஓர் இறப்பர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். என் பெரியம்மா காலமாகிவிட்டார். லயத்து வாசலில் தப்பு முழங்கிக்கொண்டிருந்தது. கொழும்பில் தொழில் பார்க்கும் உறவுக்கார இளைஞர் ஒருவர் அதை நிறுத்தச் சொன்னார். "சாவு வீட்டுல இந்தத் துள்ளல் எதுக்கு மாமா?" என்றவர், தமது கைத்தொலைபேசியை ஒலிபெருக்கியில் இணைத்தார். வயலின்கள் மெல்ல எழுந்தன. குஸ்தாவ் மாலரின் ஐந்தாவது சிம்பொனியின் நான்காம் பகுதியாகிய 'அடாஜியெத்தோ' அது.

அவரை நோவதற்கில்லை. உலகமே அதை மரண இசை என்றுதான் நம்புகிறது. 1968 யூன் 8 அன்று நியூயோர்க்கில் ரொபர்ட் கென்னடியின் இறுதி வழிபாட்டில் லெனார்ட் பேர்ன்ஸ்டைன் அதை நடத்தினார். 1971இல் விஸ்கொண்டி 'வெனிஸில் மரணம்' என்ற தமது திரைப்படத்தில் அதைப் பயன்படுத்தினார். அன்றிலிருந்து அந்த இசைக்குக் கறுப்பு உடை போர்த்தியாயிற்று.

உண்மை யாது? மாலர் அதை எழுதியது 1901–02 காலப்பகுதியில், ஆல்மாவைக் காதலித்து மணந்த நாட்களில். அது ஆல்மாவுக்கான காதல் மடல் என்று, மாலரின் நண்பரும் இசை நடத்துநருமான மெங்கல்பேர்க் தமது இசைப்படியில் குறித்துவைத்துள்ளார். அதன் சுருதி எஃப் மேஜர். நமது சங்கராபரணத்துக்கு இணையான சுர வரிசை. அதே சிம்பொனியில் மெய்யான சாவு ஊர்வல இசையும் உண்டு. அது முதற் பகுதியில், சி ஷார்ப் மைனரில் வருகிறது. துக்கத்தை எங்கே வைப்பதென்று மாலருக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியவில்லை.

மெங்கல்பேர்க் 1926இல் பதிவுசெய்த இசைத்தட்டில் இப்பகுதி ஏறத்தாழ 7 நிமிடம். மாலரின் சீடர் புரூனோ வோல்டர் 1938இல் வியன்னாவில் பதிந்தது 8 நிமிடத்துக்குள் முடிகிறது. 1988இல் பெர்லின் இசைக்குழுவுடன் ஹைடிங்க் பதிந்ததோ 14 நிமிடத்தைத் தொடுகிறது. சுரங்கள் அவையே, காலம் இரட்டிப்பு. காதலன் ஒரே மூச்சில் சொன்னதை, பெட்டியைச் சுமப்பவர்கள் அடிமேல் அடிவைத்துச் சொல்கிறார்கள்.

"மாலரே 'மிக மெதுவாக' என்றுதானே எழுதினார்?" என வாசகர்கள் கேட்கலாம். எழுதினார். சில வரிகளுக்குள்ளேயே 'இழுக்க வேண்டாம்' என்றும் எழுதினார். முன்னதை மட்டும் படித்துவிட்டு, இழுக்க இழுக்க ஆழம் என்று விமர்சனம் எழுதுவோரைத்தான் நான் சாடுகிறேன். மெதுவு வேறு, ஆழம் வேறு.

நிற்க. தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித்தர மாலர் வேண்டியதில்லை. விடியலில் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்புத்தான். காமன் கூத்துக்கு ஆடவைப்பதும், இழவைச் சொல்வதும் அதே தோல்தான். அடியின் நடையைக் கேட்டே, செய்தி எதுவென்று படுக்கையிலிருந்தவாறே அறிந்தவர்கள் எம் முன்னோர். இழவுத் தப்பு வேகமாக ஒலிப்பது களிப்பினால் அன்று. போகிறவரைத் தனியே போகவிடாதிருப்பதற்காக.

சாதியின் பெயரால் ஒருவரைத் தப்படிக்கப் பணித்த இழிவை எதிர்ப்போர் பக்கமே நான் நிற்கிறேன். அதைக் காரணமாகச் சொல்லி அந்த இளைஞர் நிறுத்தியிருந்தால் வணங்கி ஒதுங்கியிருப்பேன். அவர் சொன்னதோ, நம் துக்கத்துக்கு நம் தாளம் பொருந்தாது என்பது. அதை ஏற்க இயலாது.

காதல் இசையைச் சாவுக்கு வாசிக்கலாகாது என்று நான் வாதிடவில்லை. மணிவாசகரின் திருப்பொற்சுண்ணம், இறைவனின் திருமஞ்சனத்துக்குப் பொற்சுண்ணம் இடிக்கும் பெண்களின் மகிழ்ச்சிப் பாட்டு. ஈழத்துச் சைவர்கள் அதைச் சாவு வீட்டில் பாடுகிறோம். ஆயினும் பாடுகையில் உரலும் உலக்கையும் அங்கே இருக்கின்றன. எவர் எவ்வளவு விம்மினாலும் உலக்கை தன் நடையில் விழுகிறது. பாட்டை இழுக்க அது விடுவதில்லை.

அன்று ஒலிபெருக்கி ஓய்ந்த பின்னர், தப்புக்காரப் பெரியவரிடம் சென்று, "ஐயா, நீங்க அடிங்க" என்றேன். பெரியம்மாவை அந்த நடையிலேயே கொண்டுபோனோம்.