தொலைவின் விலை

பல்பயனர் இணைய விளையாட்டுகளை ஆராயும் மாணவர்கள் போர்முறை, பொருளாதாரம், கதைசொல்லல் ஆகியவை குறித்து நிறையவே எழுதுகின்றனர். அவ்வுலகங்களில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்வது குறித்து எழுதுவோர் குறைவு. பயணம் என்பது ஆட்டக்காரரின் நேரத்தை விழுங்கும் குறை, நொடியில் இடம்பெயரும் வசதியால் அதை நீக்கிவிடலாம் என்ற எண்ணமே நம்மிடையே மேலோங்கியுள்ளது. இவ்வெண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை.

1999இல் வெளிவந்த எவர்குவெஸ்டில் கண்டம் விட்டுக் கண்டம் செல்வோர் துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருந்தனர். பிறரை மந்திரத்தால் இடம்பெயர்க்கும் ஆற்றல் சில வகைக் கதாபாத்திரங்களுக்கு மட்டுமே இருந்ததால், அதுவே ஒரு தொழிலாயிற்று. 2002இல் வந்த 'பிளேன்ஸ் ஆஃப் பவர்' விரிவாக்கம், ஒரு மைய நகரிலிருந்து உலகின் பல பகுதிகளுக்கும் எவரும் உடனே செல்ல வழிசெய்தது. காத்திருப்பு ஒழிந்தது. அத்துடன் அத்தொழிலின் தேவையும், அறிமுகமற்றோர் துறையில் ஒன்றுகூடுவதற்கான காரணமும் சுருங்கின.

ஈவ் ஆன்லைன் இதனினும் தெளிவான சான்று. அங்கே சந்தை வட்டாரந்தோறும் தனித்தனி. சரக்கை ஒருவர் கப்பலில் ஏற்றி, கொள்ளையரின் கண்ணில் படாமல் கொண்டுசேர்க்க வேண்டும். விலை வேறுபாட்டுக்கும் வணிகருக்கும் தொலைவே பிழைப்பளிக்கிறது. பெருங்கூட்டணிகள் தம் மாபெரும் போர்க்கப்பல்களை விண்மீன் மண்டலத்தின் எம்மூலைக்கும் விரைவில் தாவச்செய்ய முடிந்தபோது, சிறு குழுக்களுக்கு ஒதுங்க இடமில்லாமற் போயிற்று. 2014 நவம்பரில் வடிவமைப்பாளர்கள் தாவல் தொலைவைக் குறைத்து, அடுத்தடுத்த தாவல்களுக்கு இடையே காத்திருப்பையும் விதித்தனர். அதன் கடுமை பின்னர் தளர்த்தப்பட்டது. ஆயினும் எளியோருக்குத் தொலைவு ஓர் அரண் என்பதை அந்நடவடிக்கை உணர்த்திற்று.

'நாள் முழுதும் உழைத்துவிட்டு இரவில் ஒரு மணி நேரம் ஆட வருபவர் கால்மணி நேரம் கடலை வெறித்துக்கொண்டிருக்க வேண்டுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாதச் சந்தாவில் இயங்கும் விளையாட்டில், ஆட்டத்தை நீட்டிக்கும் பயணத்தை ஐயத்தோடு நோக்குவதும் சரியே. ஆனால் இங்கே குற்றம் வெறுமையுடையது. அதைத் தொலைவின் மீது சுமத்தலாகாது. 2018இல் வந்த சீ ஆஃப் தீவ்ஸில் பெரிய கப்பலின் வரைபடம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. சுக்கான் பிடிப்பவரால் அதைப் பார்க்க இயலாது. விரித்த பாய் அவர் கண்ணை மறைக்கும். ஆகவே ஒருவர் திசை சொல்ல, ஒருவர் பாயைத் திருப்ப, மற்றொருவர் கப்பலைச் செலுத்துகிறார். அங்கே பயணமே ஆட்டமாகிவிடுகிறது.

இதில் பொறியியலும் உண்டு. நகரும் தளத்தில் நிற்பவரின் இடத்தை உலகின் ஆயத்தொலைவுகளில் கணக்கிட்டால், இணையத் தாமதம் சற்றே கூடினாலும் கப்பல் முன்னே போக அவர் கடலில் விழுவார். கப்பலையே ஆதாரமாகக் கொண்டு கணக்கிட்டால் தளத்தில் நிலைத்து நிற்பார். நடுக்கடலில் இணைப்பு அறுந்தால் அவருடைய இடத்தைக் காத்துவைப்பதா, துறைக்கே திருப்பி அனுப்புவதா? பெரும்பாலோர் கைபேசியில் ஆடும் நம் நாட்டில் இதை வெறும் தொழில்நுட்ப ஐயமாகக் கருதலாகாது. நிலையற்ற இணைப்பு கொண்டவருக்கும் அவ்வுலகில் இடமுண்டா என்பதை இதற்கான விடையே முடிவுசெய்கிறது.

எனவே பயணத்தை மதிப்பிடும் மாணவர்கள் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டுகிறேன். வழியில் பயணி முடிவெடுக்க ஏதேனும் உண்டா? அத்தொலைவால் பிழைப்போ பாதுகாப்போ பெறுபவர் யார்? வழியில் அறுந்துபோனவருக்கு என்ன நேர்கிறது? மூன்றுக்கும் விடையில்லாத கப்பலை நீக்கிவிடலாம், நான் தடுக்கமாட்டேன். விடையுள்ள கப்பலை விரைவின் பெயரால் நீக்குமுன், அதை நம்பியிருந்தோரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.