பழசாகிப்போன கம்ப்யூட்டர், பழசாகாத கைத்திறன்

2007 செப்டம்பரில் பெங்களூர் ஜீவனஹள்ளியில் 81 வயது முதியவர் ஒருவர் காலமானார். சாஃப்ட்வேரால் பேரெடுத்த அந்த ஊர் அவரை எத்தனை தூரம் அறிந்திருந்தது என்பது வேறு விஷயம். இந்தியாவில் முதன்முதலாக முழு அளவில் கட்டப்பட்ட எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டரை வடிவமைத்தவர் ரங்கசாமி நரசிம்மன்.

சென்னைக்காரர். கிண்டி பொறியியல் கல்லூரியில் படிப்பு. பிறகு அமெரிக்காவில் கணிதத்தில் டாக்டர் பட்டம். 1954-ல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். கம்ப்யூட்டர் கட்டும் வேலை அவரிடமும் சில இளைஞர்களிடமும் வந்தது. அதற்கு முன் அவர்களில் யாரும் அப்படி ஒன்றைக் கட்டியதில்லை.

1956 இறுதியில் சிறிய மாதிரி இயங்கியது. 1960-ல் பெரிய இயந்திரம் தயார். 2,700 வால்வுகள், நினைவகமோ ஆரம்பத்தில் 1,024 எண்களுக்குத்தான் இடம் தந்தது. 1962-ல் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயரிட்டார்.

ஆனால் அதற்குள் உலகம் வால்வை விட்டு டிரான்சிஸ்டருக்குத் தாவிவிட்டது. பெயர் சூட்டும்போதே பிள்ளைக்கு வயதாகியிருந்தது. 1964-ல் அதே நிலையத்தில் அமெரிக்காவின் சிடிசி 3600 வந்து இறங்கியது. முதலிலேயே வாங்கியிருக்கலாமே, எதற்கு இத்தனை வருஷப் பாடு?

பதில் 1978-ல் கிடைத்தது. அன்னிய முதலீட்டு விதிகளில் அரசுடன் உடன்பாடு ஏற்படாமல் ஐ.பி.எம். நாட்டைவிட்டு வெளியேறியது. இங்கே ஓடிக்கொண்டிருந்த அதன் இயந்திரங்களை இனி யார் பழுது பார்ப்பது? பொறுப்பை ஏற்றது சி.எம்.சி. என்ற அரசு நிறுவனம். அதன் முதல் தலைவர் நரசிம்மன். இயந்திரம் காலாவதியானது, கட்டிப் பழகிய அனுபவம் காலாவதியாகவில்லை.

அவருடைய ஆர்வம் இயந்திரத்தோடு நிற்கவில்லை. 1961 முதல் 1964 வரை இல்லினாய் பல்கலைக்கழகத்தில், படங்களைக் கம்ப்யூட்டர் 'படிக்க' வழி தேடினார். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் படத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்றார். பின்னாளில், தமிழ் பேசும் வீட்டுக் குழந்தை பேச்சைக் கற்கும் விதத்தைப் பதிவு செய்து ஆராய்ந்தார்.

இன்று கம்ப்யூட்டர் தமிழில் பதில் சொல்கிறது. சொல்ல வைக்கும் சிப்புகளோ பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. வாங்குவதா, கட்டுவதா என்ற விவாதம் திரும்பி வந்திருக்கிறது. சரக்கைக் கப்பலில் இறக்கலாம். அனுபவத்தை இறக்க முடியாது.