பரணில் இருப்பது யாருடைய குப்பை?

மும்பையில் இப்போது நம்மவர்கள் நான்கு பேர் சந்தித்தால் பேச்சு ரீடெவலப்மெண்டில்தான் வந்து நிற்கிறது. செம்பூர், மாட்டுங்கா, முலுண்டு என்று எங்கே பார்த்தாலும் பழைய கட்டடங்களை இடிக்கிறார்கள். பில்டர் எத்தனை சதுர அடி கூடுதலாகத் தருகிறார், கட்டி முடிக்கும்வரை வாடகைக்கு எவ்வளவு கொடுப்பார் என்பதையெல்லாம் சொசைட்டி கூட்டத்தில் பேசி முடித்துவிடலாம். ஆனால் வீட்டுக்குள் நடக்கும் இன்னொரு கூட்டம் இருக்கிறதே, அதற்குத் தலைவரும் கிடையாது, தீர்மானமும் கிடையாது. பரணிலிருந்து சாமான்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. "இது எதுக்கு இன்னும்?" என்று ஒருவர் கேட்கிறார். "அது இருக்கட்டும்" என்று மற்றவர் சொல்கிறார். நாற்பது வருட தாம்பத்தியத்தில் வராத சண்டையெல்லாம் அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் வந்துவிடுகிறது.

எங்கள் கட்டடமும் அந்த வரிசையில் நிற்பதால் இதைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல எனக்கும் உரிமை உண்டு.

என் கணவர் 1974ல் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தகர ட்ரங்குப் பெட்டியுடன் பம்பாய்க்கு வந்தவர். மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயரும், அப்பா பெயரும், ஊரும் எழுதியிருக்கும். அடித்தகடு துருப்பிடித்து, வைத்த இடத்திலெல்லாம் தரையில் காவிக் கறை. உள்ளே என்ன? அவர் மாதாமாதம் ஊருக்கு அனுப்பிய மணியார்டர்களுக்குத் திரும்பி வந்த ஒப்புகைச் சீட்டுகள். பணம் வாங்கிக்கொண்டதற்கு என் மாமனார் போட்ட கையெழுத்து ஒவ்வொன்றிலும் இருக்கிறது. முதல் சீட்டில் எழுத்து நிமிர்ந்து நிற்கிறது. கடைசிச் சீட்டுகளில் கை நடுங்குவது தெரிகிறது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வால்வு ரேடியோ. தபாலாபீசில் வருடாவருடம் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பித்து ரேடியோ கேட்ட காலத்துப் பெட்டி அது. பாடி முப்பது வருடம் ஆகிறது.

என் பங்குக்கும் குறைவில்லை. அம்மா கொடுத்த ஈயச்சொம்பு, ஓர் ஆட்டுக்கல், சரிகை கறுத்துப்போன ஒரு கல்யாணப் பட்டு. "பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்றே, கல்லைத் தூக்கிட்டு வரச் சொல்றியே" என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். உலகத்தில் யாருமே தன் பொருளைக் குப்பை என்று சொல்வதில்லை. குப்பை எப்போதும் அடுத்தவருடையது.

இந்தச் சண்டை நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்கள் வீட்டில் ஏன் இத்தனை சூடாகிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஊரிலேயே இருப்பவர்களுக்கு வீடு இருக்கிறது, திண்ணை இருக்கிறது, கிணற்றடி இருக்கிறது. பழைய சொம்பு ஒன்று போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. நம்மில் பலருக்கு ஊரில் இப்போது வீடே இல்லை. பாகம் பிரித்து விற்றாயிற்று. அந்த வீட்டுக்கு மிச்சம் இருக்கும் சாட்சி 450 சதுர அடி ஃபிளாட்டின் பரணில் இருக்கிற நாலு சாமான்தான். அதிலும் ஒவ்வொன்றும் ஒரு தரப்பின் சாட்சி. பெட்டி அவருடைய அப்பாவுக்கு, சொம்பு என்னுடைய அம்மாவுக்கு. "இந்தக் குப்பையைப் போடுங்கள்" என்று நாம் பெட்டியைத்தான் சொல்கிறோம். கேட்பவர் காதில் அது அப்பாவைச் சொன்னதாக விழுகிறது.

"பொருள்தானே, போனால் வாங்கிக்கொள்ளலாம்" என்று தத்துவம் பேசுகிறவர்கள் உண்டு. 2005 ஜூலை 26ஆம் தேதியை அவர்களுக்கு நினைவுபடுத்த விரும்புகிறேன். சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த நாள் அது. தண்ணீர் வடிந்த பிறகு குர்லா பக்கம் போயிருந்தேன். தரைத்தளத்து வீடுகளிலிருந்து மெத்தை, அரிசி மூட்டை, டிவி எல்லாம் தெருவில் குவிந்து கிடந்தன. அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு வீட்டில் கணவனும் மனைவியுமாகத் துணிக்கொடியில் கல்யாண போட்டோக்களைக் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகமே உரிந்து வந்தது. டிவியைப் பிறகு எல்லோரும் வாங்கிவிட்டார்கள். கடையில் விற்பது எது, விற்காதது எது என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று.

வெள்ளம் யாரையும் கேட்டுக்கொண்டு எடுத்துப் போகவில்லை. வீட்டு மனிதர்களும் அப்படிச் செய்யலாமா? கணவர் ஆபீஸ் போன நேரத்தில் பாண்டிவாலியைக் கூப்பிட்டு அவருடைய பழைய சட்டைகளைப் போட்டு ஒரு எவர்சில்வர் டப்பா வாங்குவது நம் பெண்களிடையே ஒரு சாமர்த்தியமாகவே பேசப்படுகிறது. மனைவி ஊருக்குப் போன சமயம் அவள் சேர்த்து வைத்த பத்திரிகைகளையும் பைண்டு செய்த தொடர்கதைகளையும் எடைக்குப் போடும் ஆண்களும் இருக்கிறார்கள். போகிப் பண்டிகை என்று சாக்கு வேறு. பொருள் போன வருத்தம் நாலு நாளில் ஆறிவிடும். நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது ஆறாது. இருபது வருடம் கழித்தும் அந்தச் சட்டையைச் சொல்லிக் காட்டுகிற கணவர்களை நான் அறிவேன்.

அதற்காக எல்லாவற்றையும் கட்டிக் காக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வைத்திருப்பது என்பது சும்மா இருப்பதல்ல. அது ஒரு வேலை. மும்பை மழைக்காலத்தில் நாலு மாதம் மூடிவைத்த எதிலும் பூஞ்சை பிடிக்கும். தகரம் துருவேறும், புத்தகத்தில் பூச்சி, மரத்தில் செல். பட்டுப்புடவையை ஒரே மடிப்பில் வைத்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும். அவ்வப்போது காற்றாட விட்டு மாற்றி மடிக்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் புளி சேர்த்துச் சமைத்தால் களிம்பு ஏறும். இந்த வேலையெல்லாம் யார் தலையில் விழுகிறது? பாசம் ஒருவருக்கு, தூசி தட்டுவது இன்னொருவருக்கு என்றால் அந்தப் பாசம் அடுத்தவர் முதுகில் சவாரி செய்கிறது என்றுதான் அர்த்தம்.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். யாருக்குப் பொருள் வேண்டுமோ அவரே அதைத் துடைத்து, பழுது பார்த்து, புது வீட்டுக்குச் சுமக்கவும் வேண்டும். அடுத்தவர் அதைக் குப்பை என்று சொல்லக் கூடாது. கேட்காமல் கை வைக்கவும் கூடாது.

இந்தச் சட்டம் செய்த வேலை எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மூடியில் இருந்த எழுத்தை மட்டும் தொடாமல் பெட்டியை ஒழுங்கு பண்ணிவிட்டார். பெட்டி வருகிறது. ரேடியோவுக்கு வால்வு தேடி மூன்று கடை அலைந்தார். நாலாவது கடைக்குப் போகவில்லை. "போகட்டும்" என்று அவரே சொன்னார். என் ஈயச்சொம்பு தினமும் அடுப்பேறுகிறது. தண்ணீர் விடாமல் அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும் என்பதால் வேறு யாரையும் தொட விடுவதில்லை. அது வருகிறது. பட்டுப்புடவையைச் சரிகைக்கு எடுப்பவர்கள் எரித்து வெள்ளியைப் பிரித்துக்கொண்டு சாம்பலைக் கொட்டிவிடுவார்கள். அதற்கு நான் தயாரில்லை. மடித்துக் காப்பாற்றுவது என் பொறுப்பு. ஆட்டுக்கல்லைக் குனிந்து தூக்க என்னால் முடியாது, அதில் மாவாட்டி இருபது வருடமும் ஆயிற்று. சட்டப்படி அது போக வேண்டும். போகிறது. மனசு கேட்கவில்லைதான், ஆனால் சட்டம் எனக்கும் சேர்த்துத்தானே?

போகிற பொருளுக்கும் ஒரு நல்ல இடம் பார்க்கலாம். பாண்டிவாலி கொண்டு போகும் துணி துவைத்துத் தைத்து மறுபடி விற்பனைக்கு வருகிறது. பங்கார்வாலாவிடம் போடும் பிளாஸ்டிக்கும் எண்ணெய் டின்னும் தாராவியில் தரம் பிரித்து, சுத்தம் செய்து, மறு உபயோகத்துக்குப் போகின்றன. பழைய டிவி, கம்ப்யூட்டர் மட்டும் வேறு கணக்கு. அவற்றில் ஈயம் போன்ற நச்சுப் பொருள்கள் உண்டு. மின்னணுக் கழிவுகளுக்கென்று 2012 மே முதல் தனி விதிகளே அமலில் இருப்பதால், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேரும்படி அவற்றைக் கொடுப்பதுதான் முறை.

கடைசியாகப் பிள்ளைகளைப் பற்றி ஒன்று. நாம் சேர்த்ததையெல்லாம் அவர்கள் வைத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவர்களுக்கும் 450 சதுர அடிதான். கதை தெரியாத சொம்பு அவர்களுக்கு வெறும் ஈயம்; கதை தெரிந்த சீட்டு ஒன்று பர்ஸுக்குள்கூட இருந்துவிடும். சாமான் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, இது யாருடையது, எப்படி வந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கட்டும். எது வண்டியேற வேண்டும், எது பங்கார்வாலாவிடம் போகலாம் என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்தால் போதும்.