கத்தி யார் மீது?

கர்ப்பத்தடை கடவுள் சித்தத்துக்கு விரோதம் என்று கூச்சலிட்டவர்கள் இன்று பெரும்பாலும் வாயடங்கிவிட்டார்கள். ஆனால் கத்தி மட்டும் பெண்ணின் வயிற்றையே தேடுகிறது.

2019-21இல் சர்க்கார் எடுத்த குடும்பநலக் கணக்குப்படி, நம் தேசத்தில் கலியாணமாகி 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100க்கு சுமார் 38 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். புருஷன் செய்துகொண்டதோ 100க்கு ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் ஆணுக்குச் செய்வதே சுலபம், ஆபத்தும் குறைவு. அதனால் ஆண்மை ஒன்றும் போய்விடுவதில்லை. 2014இல் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் அருகே ஒரே நாள் முகாமில் 83 பெண்களுக்கு அறுத்தார்கள். பத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

மாத்திரை, காப்பர்-டி, ஊசி என்று முறைகள் பெருகியும், "உனக்கெது சம்மதம்?" என்று அப்பெண்களைக் கேட்டவர் யார் என்று நாம் கேட்கிறோம். சுமக்கிறவள் அபிப்பிராயமல்லவா முதன்மையானது?

மீசை முறுக்கும் தோழர்களே! பெண்டாட்டியை மேஜைமீது படுக்கவைக்குமுன் நீங்கள் படுத்துக் காட்டுங்கள்.