குடல்வாலும் கத்தியும்

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களில் ஒருத்திக்கு வயிற்றை வலிக்கிறதென்று வைத்துக்கொள்வோம். முதல் நாள், "வாயுதான்" என்று ஓமத் தண்ணீரைக் குடிப்பாள். மறுநாள், கூலி போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு தையல் இயந்திரத்தின் முன் உட்காருவாள். வீட்டிலுள்ள பெரியவர்களோ விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கலாம் என்பார்கள். வலி குடல்வாலின் அழற்சியாக இருந்துவிட்டால் இதைவிட விபரீதம் வேறில்லை. பேதி மருந்து குடலை முறுக்க, வீங்கிய வால் வெடித்து, சீழ் வயிறெங்கும் பரவிவிடலாம்.

இது ஒரு பக்கத்து ஆபத்து. மறு பக்கத்து ஆபத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வலது பக்கம் வலிக்கிறது என்றவுடனே, "அப்பெண்டிஸைட்டிஸ்! இன்றே ஆபரேஷன்!" என்று பயமுறுத்தி, நல்ல குடல்வாலை அறுத்தெடுத்துவிடுவதுதான் அது.

இந்த வால் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் மூலையில் மூன்று நான்கு அங்குல நீளத்துக்குத் தொங்குகிறது. 1886-இல் பாஸ்டன் நகரத்து டாக்டர் பிட்ஸ் இந்நோய்க்குப் பெயரிட்டார். 1889-இல் நியூயார்க் டாக்டர் மக்பர்னி, வலது இடுப்பெலும்பின் முனையிலிருந்து தொப்புளை நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விரலை வைத்து அழுத்தினால் வலி தெரியும் என்றார். வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கும், பசி போகும், குமட்டும், சில மணி நேரத்தில் வலி வலப்புறம் கீழே இறங்கும். ஆனால் எல்லா நோயாளிகளும் புத்தகத்தைப் படித்துவிட்டு வருவதில்லை! வால் குடலுக்குப் பின்னே மடங்கியிருந்தால் முதுகில் வலிக்கலாம். கிழவர்களுக்கு வலி அதிகம் தெரியாமலே வெடித்துவிடலாம். டைபாய்டு ஜுரம், குடலில் க்ஷயம், சிறுநீர்க் குழாயில் கல் ஆகியவையும் அதே இடத்தில் வலியைக் கிளப்பும். பெண்களுக்கோ சூற்பையில் கட்டி, கருக்குழாயில் தங்கிய கர்ப்பம், மாதவிடாய்க்கு நடுநாள் வலி என்று இன்னும் பல. இதனால்தான், 100 பேரை அறுத்தால் 15 அல்லது 20 பேரிடம் நல்ல வால் இருப்பது தவறல்ல என்று ரண வைத்தியர்கள் நெடுங்காலம் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணிக்கையில் இளம் பெண்களே அதிகம்.

அவசரம் நியாயமாக இருந்த சந்தர்ப்பத்துக்கு நம் தேச சரித்திரத்திலேயே உதாரணம் உண்டு. எரவாடாச் சிறையிலிருந்த மகாத்மா காந்தியை, 1924 ஜனவரி 12-ஆம் தேதி பூனா ஸாஸூன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் தலால், டாக்டர் ஜீவராஜ் மேத்தா ஆகியோர் வந்து சேர அவகாசமில்லை. நம்மவரான ஸ்ரீனிவாஸ சாஸ்திரியாரை அழைத்து அருகில் வைத்துக்கொண்டு, காந்திஜி சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டார். கர்னல் மாடக் கத்தியை எடுத்தார். நடுவில் மின்சார விளக்கு அணைந்துவிட, ஹரிக்கேன் லாந்தர் வெளிச்சத்தில் ஆபரேஷன் முடிந்தது. டாக்டர்களையும் ஆஸ்பத்திரிகளையும் 1909-இல் கடுமையாகக் கண்டித்து எழுதியவர் அவர்! பிப்ரவரி 5-ஆம் தேதி சர்க்கார் அவரை விடுதலை செய்தது.

அன்று டாக்டருக்குத் துணை கையும் கண்ணும் மட்டுமே. இன்று அல்ட்ராஸவுண்டு இருக்கிறது, ஸி.டி. ஸ்கேன் இருக்கிறது. 1986-இல் அல்வராடோ என்ற டாக்டர் அறிகுறிகளுக்கெல்லாம் மதிப்பெண் கொடுத்து, பத்துக்கு எத்தனை என்று கணக்கிடும் முறையை வகுத்தார். வெடிக்காத வாலுக்குக் கிருமிக்கொல்லி மருந்தே போதுமா என்று அமெரிக்காவில் 1,552 பேரிடம் சோதித்தார்கள். 2020-இல் வெளியான முடிவின்படி, மருந்து மட்டும் பெற்றவர்களில் பத்துக்கு ஏழு பேர் மூன்று மாதம் வரை கத்தியின்றியே இருந்தார்கள். மற்ற மூவருக்குக் கத்தி தேவைப்பட்டது.

இவ்வளவு இருந்தும், சந்தேகமான வலிக்கு மிகச் சிறந்த கருவி கடிகாரந்தான் என்பது என் அபிப்பிராயம். நோயாளியை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்து, அதே டாக்டர் சில மணிக்கொரு தரம் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால், நோய் தன்னை மறைத்துக்கொள்ள முடியாது. அப்படிப் பார்த்திருந்து அனுப்பினால் பில் சிறியது. அறுத்து அனுப்பினால் பெரியது. மேலே சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். வேலூரில் 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியசாலை தொடங்கியதற்கும், 1918-இல் பெண்களுக்கென்றே வைத்தியப் பள்ளி வைத்ததற்கும் காரணம், ஆண் டாக்டரிடம் பெண்கள் காட்டிக்கொள்ளாமல் மடிந்துபோன கொடுமை. இன்றும் கல்யாணமாகாத பெண்ணை டாக்டர் மாதவிடாய் பற்றிக் கேட்டால், தாயார் முந்திக்கொண்டு பதில் சொல்கிறாள். தாய்மார்களே, அந்தச் சமயம் ஐந்து நிமிஷம் அறைக்கு வெளியே இருங்கள். பெண் தனியாகச் சொல்லும் ஒரு வார்த்தை, தவறான இடத்தில் கத்தி விழாமல் தடுக்கும். கருக்குழாயில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தால் உயிரையே காக்கும்.

ஆபரேஷன் நடந்துவிட்டால், எடுத்த வாலைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, அந்தச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வாலில் உண்மையிலேயே நோய் இருந்ததா என்பது அதில் எழுதியிருக்கும்.